கரைக்குள் நிற்கும் நீர்

வெலிங்டன் ஏரியின் கரை உள்வாங்கியதாகச் செய்தி வரும்போதெல்லாம், நீர்மட்டத்தைக் குறைத்து வைத்தால் ஆபத்தில்லை என்னும் வாதமும் கூடவே வந்துவிடுகிறது. ஏரியை முழுக் கொள்ளளவுக்கு நிரப்பாமல் நிறுத்துவதும், அமிழ்ந்த இடத்தில் மண்ணும் கல்லும் கொட்டிக் கரையின் மட்டத்தை மீட்பதுமே பாதுகாப்பு எனக் கொள்ளும் இந்த நடைமுறை, விருத்தாசலம், திட்டக்குடி வட்டாரங்களில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட ஒன்றாகிவிட்டது. அதன் தகுதி எவ்வளவு, குறை எவ்வளவு என எடைபோட வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

கீழச்செருவாயில் பெரிய ஓடையின் குறுக்கே நூறாண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட இந்த மண்ணணை, வெள்ளாற்று நீரைத் தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே பெற்று, ஏறத்தாழ 24,000 ஏக்கர் ஆயக்கட்டுக்குப் பாசனம் தருவதற்காக அமைந்தது. முழு உயரமான 29.72 அடியில் 2,580 மில்லியன் கனஅடி நீர் தேங்கும். நெருக்கடி நேரத்தில் மட்டத்தைக் குறைப்பது அறிவியலுக்கு ஒத்த செயல் என்பதை மறுப்பதற்கில்லை. நீர் கரையைத் தள்ளும் மொத்த விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், ஆழம் கால்பங்கு குறைந்தால் விசை ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்துவிடுகிறது. பெருஞ்செலவில் கரை பலப்படுத்தப்பட்டதும் உண்மை. இவ்வளவும் நடைமுறையின் தகுதிப் பக்கத்தில் நிற்பவை.

ஆனால் இந்த நடைமுறை கரைக்கு வெளியே நிற்கும் நீரை மட்டும் கணக்கில் கொண்டு, கரைக்குள் நிற்கும் நீரை மறந்துவிடுகிறது என்பதே அதன் அடிப்படைக் குறையாகும். களிமண்ணும் நீரும் எப்படி உறவாடுகின்றன என்பது பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்குப் புதிதன்று. அங்குள்ள பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பச்சை அகல்விளக்கை எவரும் உடனே கடுவெயிலில் வைப்பதில்லை. வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரத்தோடு பருத்தே நிற்க, விளிம்பிலிருந்து மயிரிழை போன்ற ஒரு விரிசல் ஓடிவிடும். கைப்பிடி அளவு மண்ணுக்குக் காட்டப்படும் இந்த எச்சரிக்கை, நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரைக்குக் காட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

களிமண்ணின் நுண்துளைகளில் அடைபட்ட நீர் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளும் விசைக்குத் துளைநீர் அழுத்தம் என்று பெயர். ஏரி நிறைந்திருக்கையில் வெளிநீர் கரையின் உள்சாய்வை அணைத்துத் தாங்குகிறது. மதகைத் திறந்து மட்டத்தை வேகமாக இறக்கினால் அந்தத் தாங்கல் அகன்றுவிட, களிமண்ணுக்குள் உள்ள நீரோ அதே வேகத்தில் வடிய முடியாமல் நின்றுவிட, கனத்துப்போன சாய்வு ஏரிக்குள்ளேயே சரிகிறது. விரைவு நீரிறக்கம் என்று பொறியாளர்கள் அழைக்கும் இந்நிலை மண்ணணைகளின் பழகிய எதிரியாகும். ஆகவே காப்பு எனச் சொல்லப்படும் அதே செயல், வேகத்தை அளவிடாமல் செய்யப்படும்போது, கேடாகவும் மாறக்கூடும். அது மட்டுமன்று, ஆண்டுக்கணக்கில் நீர் தொடாத மேற்கரை வெயிலில் வெடித்துப் பிளந்திருக்க, பெருவெள்ளம் ஒரே இரவில் மட்டத்தை உயர்த்தும் நாளில் அந்தப் பிளவுகளே நீருக்கு வழியாகின்றன.

அவ்வாறு புகும் நீர் மண்துகளை அரித்துக்கொண்டு வெளிச்சாய்வில் ஊற்றாகப் பொங்குவதைக் குழாயரிப்பு என்பர். அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று இவ்வாறே உடைந்தது. காலையில் கண்ட கசிவு நண்பகலுக்குள் அணையைப் பிளந்துவிட்டது. இலங்கையின் கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதற்கும் உட்கசிவே காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. மட்டத்தைக் காட்டும் அளவுகோலை மட்டும் பார்த்திருப்பவர்க்கு இத்தகைய கேட்டின் முன்னறிவிப்பு ஒருபோதும் கிடைக்காது. அதைத் தருபவை கரைக்குள் புதைக்கும் அழுத்தமானிகளும், கரையடியில் கசிவுநீரை அளக்கும் சிறு தடுப்புகளுமே. கசிவு தெளிவாக இருந்தால் நீர் மட்டுமே வெளியேறுகிறது. அது கலங்கி வந்தால் கரையும் சேர்ந்து வெளியேறுகிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தாலே விளங்கும் இந்த வேறுபாடு, ஏரி நிரம்பியது என்ற மகிழ்ச்சிச் செய்திகளில் ஒருமுறையேனும் இடம்பெறுவதில்லை.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021, அதன் வரம்புக்குள் வரும் அணைகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யவும், அளவுக் கருவிகள் பொருத்தவும், அவசரகாலச் செயல்திட்டம் வகுக்கவும் கட்டளையிடுகிறது. எனினும் எழுதிவைத்த கோப்பு எந்தக் கரையையும் தாங்கியதில்லை. நீர்மட்டமும் வரத்தும் நாள்தோறும் அச்சில் வருகின்றன. உயிரைக் காக்கும் எண்ணாகிய கசிவின் அளவோ அலுவலகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

நிரப்ப அஞ்சப்படும் ஏரி தன் நோக்கத்தைப் பாதி இழந்த ஏரியாகும். கடைமடை உழவருக்கு நீர் எட்டாமல் செய்து பெறும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்னும் பெயருக்கே உரியதன்று. அமிழ்ந்த இடத்தில் மீண்டும் மண் கொட்டுவது பழுதை மூடுகிறது, பழுதின் காரணத்தை விட்டுவிடுகிறது. ஆகவே கசிவின் அளவையும், அது தெளிவா கலங்கலா என்பதையும், நாளொன்றுக்கு எவ்வளவு மட்டம் இறக்கலாம் என்ற வரம்பையும் மதகடியில் ஒரு பலகையில் எழுதி, ஆயக்கட்டு உழவர் எவரும் படித்துக் கேள்வி கேட்கும்படி செய்வதே நீர்வளத் துறையின் முதற்கடமையாகும். அது நிறைவேறும்வரை வெலிங்டன் ஏரி பாதுகாப்பானது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.