ஆகாப் இல்லாத நாபோத்: ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம் குறித்து

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் திருப்பணியாற்றும் ஆயர்கள் சிலரும், விடுமுறையில் ஊர் திரும்பும் இறையியல் மாணவரும், சபைக்கு வெளியேயுள்ள நண்பர்களும் ஒன்றுகூடும் வேளைகளில், 2015 முதல் 2024 வரையிலான பத்தாண்டுகளில் வெளிவந்த தமிழ்த் திரைப்படங்களுள் தலையாயது எது என்ற வழக்கு நம்மிடையே எழுவதுண்டு. வழக்கு என்ற சொல் இதற்குப் பொருத்தமானதே. சான்றுகள் அடுக்கப்படுகின்றன, குறுக்கு விசாரணை நடக்கின்றது, தீர்ப்பு மட்டும் வருவதில்லை. மாணவர் பலருக்கு மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) முதலிடம் பெறுவது. சட்டத்தின்மேல் நம்பிக்கை கொண்டோர் ‘ஜெய் பீம்’ (2021) என்பர். மூத்த ஆயர் ஒருவர் ‘விசாரணை’யை இரண்டாம் முறை பார்க்க மறுக்கிறார்; அம்மறுப்பையே அப்படத்தின் சிறப்புக்குச் சான்றாகவும் காட்டுகிறார். ‘96’ என்று மெல்லச் சொல்பவர்களும் உண்டு. அவர்களை எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

இவ்வழக்கில் நாம் ஒரு பக்கம் சார்ந்தவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2018 ஆகஸ்டு 24 அன்று வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யே நம் தெரிவு. லெனின் பாரதி இயக்கிய முதற்படம் அது. நடிகர் விஜய் சேதுபதி தயாரித்தது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் கொண்டது. கதை நம் மலையின் கதை என்பதால் ஊர்ப்பற்று பேசுகிறது என்று நண்பர்கள் கேலி செய்வர். ஊர்ப்பற்று இருக்கலாம். ஆயினும் நம் வாதம் வேறு ஓரிடத்திலிருந்து புறப்படுகின்றது.

அப்பத்தாண்டுகளில் தமிழ்த் திரை நிலத்தைப் பற்றி மிகுதியாகப் பேசியது. பா. இரஞ்சித்தின் ‘காலா’வும் (2018), பூமணியின் ‘வெக்கை’ நாவலைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ படமும் (2019), மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’யும் (2022) நிலத்தையே நடுவில் வைத்தவை. முதல் இரண்டிலும் நிலத்தைப் பறிக்க வருகின்றவனுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, குரல் உண்டு. ‘காலா’வில் அவன் வெண்ணிற உடையில் வருகின்றான். ‘அசுரன்’ படத்தில் அவன் மூன்று ஏக்கருக்காக ஒரு குடும்பத்தையே அழிக்கத் துணிகின்றான். இவற்றின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பஞ்சமி நிலம் என்ற சொல்லை மக்கள் நடுவே மீண்டும் பேசவைத்தது ‘அசுரன்’. ஆனால் இவ்விரு படங்களும் பார்ப்போர்க்கு ஒரு வசதியைச் செய்துதருகின்றன. கேடு யாரிடம் உள்ளது என்பது தெளிவாயிருப்பதால், அது நம்மிடம் இல்லை என்பதும் தெளிவாகிவிடுகின்றது. அரங்கைவிட்டு வெளிவரும் ஒவ்வொருவரும், நிலம் பறித்தவர் உட்பட, காலாவின் பக்கம் நின்றே வெளிவருகின்றனர்.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இவ்வசதியை மறுக்கின்றது. ரங்கசாமி நிலமற்ற கூலியாள். மேலேயுள்ள ஏலத்தோட்டங்களிலிருந்து மூட்டைகளைச் சுமந்து அடிவாரத்திற்குக் கொண்டுவருவது அவன் தொழில். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கவேண்டும் என்பது அவன் ஆசை. ஒருமுறை விலை பேசி முடிக்கும் வேளையில், விற்பவர் வீட்டுக்குள்ளேயே பிணக்கு எழுந்து காரியம் கெட்டுப்போகின்றது. பிறிதொருமுறை, சேர்த்த பணத்தையும் கடனையும் கொண்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறுகின்றது. முடிவில், நல்லெண்ணம் கொண்டவர்கள் கைகொடுக்க, நிலம் கிடைத்தே விடுகின்றது. அதன்பின் அவன் சிறை செல்ல நேர்கின்றது. மனைவி ஈசுவரி விதையையும் உரத்தையும் கடனாகப் பெற்றுப் பயிர் செய்கின்றாள். கடன் ஏறுகின்றது, நிலம் இறங்குகின்றது. இறுதியில் அதே நிலத்தில் காற்றாலை சுழல, ரங்கசாமி சீருடை அணிந்து அதற்குக் காவல் இருக்கின்றான்.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை (1 இராஜாக்கள் 21) இவ்வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. அங்கே ஓர் அரசன் ஆசைப்படுகின்றான், அரசி முத்திரையிட்ட கடிதங்களை அனுப்புகின்றாள், பொய்ச்சாட்சிகள் எழுந்து நிற்கின்றனர், கல்லெறி விழுகின்றது. ஆகவே எலியா எங்கே செல்லவேண்டும், யாரைச் சந்திக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ரங்கசாமியின் கதையில் முத்திரையும் இல்லை, பொய்ச்சாட்சியும் இல்லை. ஒரு கடன் கணக்கு மட்டுமே உண்டு. கடன் கொடுத்தவர் பழகின முகம். கேட்டபோது மறுக்காமல் கொடுத்தவர். நிலத்தை எழுதி வாங்குகையில்கூட அவர் குரல் உயர்வதில்லை. இங்கே எலியா யாரைத் தேடிப் போவார்? ஒடுக்குமுறை பற்றிய நம் பிரசங்கங்களுள் பெரும்பாலானவை ஆகாபின் அரண்மனை வாயிலில் நின்றே பேசிப் பழகியவை. அரண்மனை இல்லாத இடத்தில் அவற்றுக்குச் சொல் எழுவதில்லை. இக்குறையை நமக்குக் காட்டிய திரைப்படம் இது ஒன்றே என்பதால் இதனை முதலில் வைக்கின்றோம்.

வேறோர் எதிர்வாதம் உள்ளூரிலிருந்தே வருகின்றது. “இதில் என்ன இருக்கிறது? நாள்தோறும் பார்ப்பதுதானே” என்று ஏல வணிகம் செய்யும் நண்பர் கேட்கிறார். படத்தின் முற்பாதி பெரும்பாலும் நடைதான். விடியலுக்குமுன் புறப்படும் ரங்கசாமியைப் பின்தொடர்ந்து ஒளிப்படக்கருவி மலையேறுகின்றது. வழியில் எதிர்ப்படுவோர் ஒவ்வொருவரும் ஒரு சொல், ஒரு நகைப்பு, ஒரு துயரம் தந்துவிட்டு நகர்கின்றனர். பொறுமையற்றோர்க்கு இது நீளம். நமக்கோ இந்நடையே படத்தின் உயிர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டையூசி வளைவுகளில் வண்டியிலேயே ஏறிப் பழகியவர்கள் நாம். மலையின் உயரத்தைக் கால் அறிவதுபோல் வண்டி அறியாது. சுமை எவ்வளவு என்று படம் எங்கும் எடை போட்டுச் சொல்வதில்லை. ஏறுகின்ற தூரத்தைக் காட்டியே அதை உணர்த்திவிடுகின்றது. அவ்வாண்டு மார்ச்சு 11 அன்றுதான் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்திற்கு வந்திருந்த இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தால் நாட்டின் கண் சில நாள் இம்மலைமேல் பதிந்தது. கூலிக்காக இதே மலைகளில் ஏறியிறங்கிய கால்களை ஐந்து மாதம் கழித்து இப்படம் காட்டியபோது, அக்கண்களில் பல வேறு பக்கம் திரும்பியிருந்தன.

மூட்டை சிதறும் காட்சியைப் பற்றி ஒரு சொல். போடி, ஏலத்தை ஏலத்தில் விற்கும் ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும், எல்லைக்கு அப்பால் வண்டன்மேட்டை அடுத்த புத்தடியிலும் நடைபெறுகின்றது. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்வரை போனதை இங்குள்ளோர் மறக்கவில்லை. ஆகவே இப்படத்தைப் பின்னொரு நாள் மீண்டும் பார்க்கையில், பச்சைக் காய்கள் பாறைகளினூடே சிதறியவுடன் நம்முள் சிலர் வாய்க்குள் கணக்குப் போட்டனர். கேலிக்குரியதன்று இது. அக்காட்சியில் இசையோ அழுகையோ நம்மை வற்புறுத்துவதில்லை. கணக்கு ஒன்றே போதுமானதாயிருந்தது. விலை தெரிந்தவர்க்குத்தான் அந்தப் பள்ளத்தின் ஆழம் தெரியும்.

இளையராஜா இப்படத்திற்கு இசையமைத்தது தற்செயலானதாக நமக்குத் தோன்றவில்லை. பண்ணைப்புரத்தில் பிறந்தவர் அவர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடிச் சென்றவர். 1958-ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில், கேரளத்து மலைத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடுவே அவர் பாடியதையும், ரோசம்மா புன்னூஸ் அத்தேர்தலில் வென்றதையும் மூத்தோர் இன்றும் எடுத்துரைப்பர். அவ்வண்ணனின் குழுவில் பாடி வளர்ந்த தம்பி, அறுபது ஆண்டுகள் கழித்து, சாக்கோ என்னும் பொதுவுடைமைத் தோழன் உலவும் கதைக்கு இசை தருகின்றார். தருவதும் அளவோடுதான். காற்றுக்கும் காலடிக்கும் இடம் விட்டு ஒதுங்கி நிற்கும் இசை அது.

சாக்கோவைப் பற்றிப் பேசுகையில், நம் தெரிவின் குறைகளையும் சொல்லியாகவேண்டும். மலைக்குச் சாலை வருகின்றது. சுமைகாரர்க்கு வேலை போகின்றது. சங்கத்தின் தலைமையே முதலாளியோடு ஒத்துப்போய்விடுகின்றது. இதுவரை கதை நேர்மையாகச் செல்கின்றது. அதன்பின் வெகுண்டெழுந்தோர் கொலையில் இறங்க, ரங்கசாமி சிறைக்குச் செல்கின்றான். பொறுமையாக நடந்துவந்த படம் இவ்விடத்தில் ஓடத் தொடங்குகின்றது. நிலம் ஓசையின்றிப் பறிபோவதைக் காட்ட வந்த கதைக்கு, நாயகனை அப்புறப்படுத்த ஓர் அரிவாள் தேவைப்பட்டதே என்பது நம் வருத்தம். இதே மலைத்தொடரில் நடந்த வேறொன்றை இங்கே நினைக்கவேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர், அவருள் மிகப் பெரும்பான்மையோர் தமிழ்ப் பெண்கள், 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். கட்சிச் சங்கங்களின் தலைவர்களை அவர்கள் தம் நடுவே வரவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று அவ்வெழுச்சி பெயர்பெற்றது. ஒன்பது நாட்களில் கோரிக்கை வென்றது. எவர் இரத்தமும் சிந்தவில்லை. விலைபோன சங்கத்திற்கு மலைமக்கள் தந்த மறுமொழி அது. பிற்காலத்தில் அவ்வியக்கம் சிதறியது வேறு கதை. ஆயினும் ஆண்களின் சினத்தையே போராட்டமாகக் காணும் பழக்கத்திலிருந்து லெனின் பாரதியும் விடுபடவில்லை என்றே சொல்வோம்.

ஈசுவரியின் பாத்திரமும் இக்குறையால் மெலிந்துவிட்டது. காயத்ரி கிருஷ்ணா அதில் குறைவாகப் பேசி நிறைவாக நடித்துள்ளார். ஆனால் கணவன் சிறையிலிருந்த ஆண்டுகளில், விதைக்கும் உரத்துக்கும் கையெழுத்திட்டது அவள் கை. நிலம் போன கதை உண்மையில் அவள் கதை. அவ்வாண்டுகளைப் படம் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றது. இன்றும் விடியலில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் எல்லை கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்களே. நடைபாதைக் காலத்தின் சுமைகாரனுக்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. ஜீப்புக் காலத்தின் இப்பெண்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தோட்டத் தொழிலாளர் பற்றிய படம் என்றவுடன், நம் ஆயர்களுள் எவரேனும் ஒருவர் பாலாவின் ‘பரதேசி’யை இழுத்துவருவார். 2013-இல் வந்ததாகையால் அது நம் பத்தாண்டுகளுக்குள் அடங்காது. எனினும் அதில் வரும் கிறித்தவ மருத்துவரின் ஆட்டத்தைக் கண்டு புண்பட்ட மனங்கள் இன்னும் ஆறவில்லை. அப்படம் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய, தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என வந்த நாவலை அடியொற்றியது. டேனியல் தாமே தோட்டத்து மருத்துவர். தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் கண்டவர். நாவலின் மருத்துவர் ஆபிரகாம் நோயோடும் நிருவாகத்தோடும் போராடுகின்றவர். திரையில் அவரிடத்தில் ஒரு கேலிச்சித்திரம் நிற்கின்றது. நம்மைக் கேலி செய்துவிட்டார்கள் என்று முறையிடுவதைவிட, டேனியலின் நூலை நாம் எத்தனைபேர் படித்தோம் என்று கேட்பது பயனுடையது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் அத்தகைய கேலி எதுவும் இல்லை.

இறுதிக் காட்சி பற்றி நம்மிடையே இன்னும் உடன்பாடில்லை. காற்றாலையின் அடியில் அமர்ந்திருக்கும் ரங்கசாமியை விட்டு ஒளிப்படக்கருவி மேலே மேலே எழுகின்றது; அவன் புள்ளியாகின்றான்; எங்கும் காற்றாலைகள். தொழில்நுட்ப வித்தை என்று சிலர் இதனைத் தள்ளுகின்றனர். கால்நடையாகத் தொடங்கிய படம் வானிலிருந்து முடிவதில் முரண் உண்டு என்பது மெய்தான். ஆனால் அவ்வுயரத்திலிருந்து வரப்புகளைத் தேடிப் பார்த்தோம். எது அவன் துண்டு நிலம் என்று நமக்குப் புலப்படவில்லை.

‘கடைசி விவசாயி’யை முன்வைப்போரே நமக்கு எதிரே நிற்கும் வலிய அணியினர். உசிலம்பட்டிப் பக்கத்து முதியவர் மாயாண்டி தம் நிலத்தை விற்க மறுத்து, குலதெய்வத்திற்கு நெல் விளைவித்துத் தர இசைகின்றார். இறந்துகிடந்த மயில்களைப் புதைத்த குற்றத்திற்காக வழக்கில் மாட்டுகின்றார். அவர் காவலில் இருக்க, பயிர் நீருக்கு ஏங்குகின்றது. மாயாண்டியாக வாழ்ந்த நல்லாண்டி, படம் வெளிவருமுன்னரே மறைந்துவிட்டார். அவர் நடையையும் மௌனத்தையும் கண்டபின் நடிப்பைப் பற்றிப் பேச நமக்கு மனம் வரவில்லை. நாபோத் தன் தோட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட கதை இது என்று மாணவர் ஒருவர் வாதிட்டார், நல்ல வாதம். ஆனால் அங்கே நடுவர் மன்றத்தில் இரக்கமுள்ள ஒரு பெண் அமர்ந்திருந்தார். பயிருக்கு நீர் பாய்ச்ச ஆள் அனுப்பினார். ரங்கசாமியின் கடன் எந்த மன்றத்திற்கும் வரவேயில்லை. இக்காரணத்தால் ‘கடைசி விவசாயி’க்கு இரண்டாம் இடம் தர நாம் இசைந்துள்ளோம். மாணவர்கள் இசையவில்லை.