மேலெழுதிய படம் மீளுமா?

கேமராவின் மெமரி கார்டில் படங்களை அழித்துவிட்டவருக்கும், அவற்றை மாற்றி அதே பெயரில் சேமித்துவிட்டவருக்கும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: ஏதாவதொரு மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். முதலாமவருக்கு அது பெரும்பாலும் பலிக்கும். இரண்டாமவர் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

எஃப்ஏடி32 என்ற கோப்பமைப்பு முறையில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மாறும். அது பிடித்திருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். படம் அங்கேயே கிடக்கும். மாற்றிச் சேமித்தால் கோப்பு இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். 4000 பிக்சல் அகலப் படத்தை மின்னஞ்சலில் அனுப்ப 800 ஆகச் சுருக்கியபின், அந்தச் சிறு படத்திலிருந்து பெரியதை வரவழைக்க வழியில்லை. தேட வேண்டியது பழைய பிரதியை. அது கார்டில் வேறெங்காவது தப்பிக் கிடக்கிறதா என்பதை வைத்தே எந்தக் கருவியையும் எடைபோட வேண்டும்.

சில மாற்றங்களுக்குப் பதறவே வேண்டாம். கேமராவிலேயே படத்தைத் திருப்பினால் பொதுவாக எக்ஸிஃப் குறிப்பில் ஓர் எண்தான் மாறும். கேமராவிலேயே சுருக்கினால் பெரும்பாலான கேமராக்கள் புதுக் கோப்பாகச் சேமிக்கும், மூலம் பத்திரம். ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், ராவ் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். சாதாரணப் படச் செயலிகள் அதில் கைவைப்பதில்லை.

உண்மையான இழப்பு, கார்டைக் கணினியில் செருகி, ஒட்டுமொத்தமாகச் சுருக்கியோ வெட்டியோ சேமிக்கும்போது நேர்கிறது. செயலிகள் இதை இரு விதமாகச் செய்கின்றன. சில, புதிய கோப்பைக் காலியிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை நீக்கிப் பெயரை மாற்றும். அப்போது மூலப்படம் அழிக்கப்பட்ட கோப்புதான், மீட்கலாம். சில, இருந்த இடத்திலேயே எழுதும். கார்டு எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதும் முக்கியம். தாராளமாகக் காலியிடம் இருந்தால் பழைய பிரதிகள் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. நிரம்பி வழிந்த கார்டில், முதல் படம் விட்டுப்போன இடத்தில் பத்தாவது படத்தின் புது வடிவம் உட்கார்ந்திருக்கும்.

இந்த வேலைக்கு ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியையே முதலில் வைப்பேன். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, திறந்த மூலம். அது கோப்புப் பட்டியலை நம்பாமல், ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 என்ற பைட்டுகளில் தொடங்கும் என்பதை வைத்து கார்டைத் துழாவும். கேமரா பெரும்பாலும் ஒரு படத்தைத் தொடர்ச்சியாக ஓரிடத்தில் எழுதுவதால் இந்த முறை நன்றாகவே பலிக்கிறது. எஃப்ஏடி32 கார்டில் காலியிடத்தை மட்டும் தேடச் சொல்லும் வசதியும் உண்டு. சுருக்கிய படங்கள் குறுக்கே வராது. குறைகளும் உண்டு. கறுப்புத் திரையும் எழுத்துமான அதன் பழைய முகம் புதியவரை மிரட்டும். கோப்புப் பெயர்கள் போய்விடும். ஆனால் எடுத்த தேதி எக்ஸிஃபில் இருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். பெயர் போனதை நான் பெரிய குறையாக எண்ணவில்லை.

காசு கேட்கும் மென்பொருள்கள், மீட்கப்போகும் படத்தை முன்கூட்டியே காட்டுகிறோம் என்கின்றன. இங்கேதான் ஏமாற இடமிருக்கிறது. ஜேபெக்கின் தொடக்கத்திலேயே, பொதுவாக 160க்கு 120 பிக்சலில், ஒரு சிறுபடம் பொதிந்திருக்கும். திரையில் தெரிவது அதுவாக இருந்தால், கோப்பின் முதல் சில கிலோபைட்டுகள் பிழைத்தன என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. முழு அளவில் திறந்து காட்டாத மென்பொருளுக்குப் பணம் கட்டக்கூடாது.

இதன் மறுபக்கமும் நடக்கும். 5 எம்பி படத்தின் மேல் 300 கேபி படம் எழுதப்பட்டால், தலைப்பகுதி போய் வால் மிஞ்சும். தலையைத் தேடும் ஃபோட்டோரெக்குக்கு இந்த வால் கண்ணில் படாது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த இன்னொரு படத்தின் தலைப்பகுதியை ஒட்டி, மிஞ்சியதைத் திறக்க முயலலாம். ஜேபெக்கில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால் நிறம் தாறுமாறாகும். படம் பக்கவாட்டில் நகர்ந்தும் நிற்கும். ஒரே ஒரு படத்துக்காக இரவைச் செலவிடத் தயாரானவருக்குச் சரி, நூறு படத்துக்கு ஆகாது.

செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்குவதை மீட்பில் சேர்க்கவே முடியாது. அது இழந்த விவரத்தைக் கண்டெடுப்பதில்லை, கற்பனை செய்கிறது. பாட்டியின் முகச்சுருக்கம் யாருடையதோ ஆகிவிடும்.

எந்தக் கருவியானாலும் முதலில் கார்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக வன்தட்டில் நகலெடுத்து, தேடலை அந்த நகலில் நடத்த வேண்டும். கார்டைச் செருகியதுமே விண்டோஸ் அதில் தன் கோப்புறையை எழுதக்கூடும். கார்டின் பக்கவாட்டுப் பூட்டு ஓரளவுதான் காக்கும்; அது ரீடருக்குச் சொல்லும் குறிப்பே தவிர, கார்டின் உள்ளே எழுதுவதைத் தடுக்காது. மைக்ரோ எஸ்டியில் அதுவும் இல்லை.

ஆக, காலியிடம் நிறைய இருந்து, படங்களை மாற்றிச் சேமித்தபின் ஒன்றும் எழுதப்படாத கார்டுக்கு ஃபோட்டோரெக் போதும். அதில் முழுப்படம் கிடைக்காதபோது காசு மென்பொருளிடமும் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்றால், ஃபிளாஷ் சிப் புதுத் தரவை வேறு பக்கத்தில் எழுதுவதால் பழையது சிறிது காலம் உள்ளே தங்கியிருக்கலாம் என்பது உண்மை. கார்டு ரீடர் வழியே அது தெரியாது. சிப்பையே தனியாகப் படிக்க வேண்டும். வழக்குக்கான ஆதாரம் என்றால் யோசிக்கலாம். சுற்றுலாப் படங்களுக்கு அந்தச் செலவு தண்டம்.