இல்லாத புஸ்தகங்கள்

அமெரிக்காவில் கோடைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில், விடுமுறையில் படிப்பதற்கு ஏற்ற நாவல்கள் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுவது வழக்கம். நம் பத்திரிகைகள் தீபாவளிக்கு மலர் போடுகிற மாதிரி அது ஒரு சம்பிரதாயம். 2025-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சிகாகோ ஸன்-டைம்ஸ் பத்திரிகையுடன் வந்த ஓர் இணைப்பில் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. மொத்தம் 15 நாவல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டொரு வரியில் கதைச் சுருக்கம். ஆசிரியர்கள் எல்லோரும் பெயர் பெற்றவர்கள். அந்தப் பதினைந்தில் 10 நாவல்கள் உலகத்தில் எங்கேயும் கிடையாது. யாரும் அவற்றை எழுதவில்லை.

பட்டியலைத் தயாரித்தவர் வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிற ஒரு பத்திரிகையாளர். செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எல்லோரும் பேசுகிற யந்திரத்தின் உதவியைக் கொண்டு எழுதியதாகவும், சரி பார்க்காமலே அனுப்பி விட்டதாகவும் அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அதே இணைப்பு பிலடெல்பியா இன்க்வயரர் பத்திரிகையுடனும் போயிருந்தது. மின் ஜின் லீ என்கிற நாவலாசிரியை, அந்தப் பெயரில் ஒரு நாவலைத் தான் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. எழுதியதற்காகச் சமாதானம் சொன்ன ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. எழுதாததற்காகவும் சமாதானம் சொல்ல வேண்டிய காலம் வந்து விட்டது.

அந்தப் பத்து நாவல்களில் சிலவற்றின் கதைச் சுருக்கங்களை நான் சிரத்தையுடனேயே படித்துப் பார்த்தேன். இல்லாத நாவலை விமர்சிக்கிற பாக்கியம் எந்த விமர்சகனுக்கும் லேசில் கிடைப்பதல்ல. இஸபெல் அயெண்டேயின் பேரில் போட்டிருந்த நாவலில், ஒரு கடலோர ஊர், கடல் மட்டம் உயர்ந்து கொண்டே வருகிறது, ஒரு குடும்பம், பல தலைமுறைகள், புதைந்து கிடந்த ரகசியங்கள். மின் ஜின் லீயின் நாவலில் ஸியோல் நகரத்துக் கள்ளச் சந்தையில் மூன்று பெண்கள் சந்திக்கிறார்கள். ஆண்டி வியர் என்கிற விஞ்ஞானக் கதாசிரியரின் நாவலில், ஒரு யந்திர மூளைக்குப் பிரக்ஞை வந்து, யாருக்கும் தெரியாமல் பல வருஷங்களாக உலக விவகாரங்களை ஆட்டி வைக்கிறது. (இந்த ஒன்றை மட்டும் யந்திரம் அனுபவித்து எழுதியிருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.)

இவற்றில் அபத்தம் என்று ஒன்றும் இல்லை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதுதான். அயெண்டே என்றால் குடும்பமும் தலைமுறைகளும். மின் ஜின் லீ என்றால் கொரியா. வியர் என்றால் விஞ்ஞானம். ஓர் ஆசிரியரைப் பற்றி நூறு பேர் எழுதியதைப் படித்து விட்டு, அவர் அடுத்தாற்போல் என்ன எழுதுவார் என்று ஒரு சுமாரான வாசகன் ஊகித்தால் என்ன சொல்வானோ அதையே யந்திரமும் சொல்லியிருக்கிறது. பட்டியலில் பெர்ஸிவல் எவரெட்டுக்கும் ஒரு நாவல் கொடுத்திருந்தார்கள்: செயற்கை மழை பணக்காரர்களின் சரக்காகி விட்ட ஒரு வருங்காலம். அதே எவரெட்டுக்கு, பட்டியல் வெளிவருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னால்தான், 'ஜேம்ஸ்' என்ற நாவலுக்காகப் புலிட்ஸர் பரிசு அறிவிக்கப்பட்டது. மார்க் ட்வைன் எழுதிய ஹக்கிள்பெரி ஃபின் கதையை, அதில் வரும் அடிமை ஜிம் தானே சொல்வதாக எழுதிய நாவல் அது. அந்த அடிமைகள் தங்களுக்குள் நல்ல இங்கிலீஷ் பேசுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் எதிரில் கொச்சை பேசி நடிக்கிறார்கள். இதை ஊகித்திருக்க யாராலும் முடியாது. எவரெட்டின் முந்திய புஸ்தகங்கள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தாலும் முடியாது. நிஜமான புஸ்தகத்துக்கு இந்தத் திமிர் இருக்கிறது. நாம் எதிர்பார்த்ததை அது லட்சியம் செய்வதில்லை. தகவல் விஷயத்திலும் இப்படித்தான் என்பது என் அபிப்பிராயம். நாம் நினைத்ததற்கு வெகு பொருத்தமாக வந்து உட்காருகிற தகவலை இன்னொரு தடவை விசாரிப்பது நல்லது.

யந்திரம் பொய் சொல்கிறது என்று சிலர் கோபப்படுகிறார்கள். பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும். இது கோடிக்கணக்கான பக்கங்களை உருப்போட்டு, ஒரு வார்த்தைக்கு அடுத்தாற்போல் எந்த வார்த்தை வருவது இயல்பு என்று கணக்கிட்டு வாக்கியத்தை நீட்டிக் கொண்டே போகிற ஏற்பாடு. உள்ளது, இல்லாதது என்று இரண்டு தனி அலமாரிகள் அதனிடம் கிடையாது. ஆனால் நாவலாசிரியனாகிய எனக்கு அதன் கைவேலை ரொம்பவும் பழக்கமானதாக இருக்கிறது. நானும் நடக்காததை நடந்ததாகச் சொல்லிப் பிழைக்கிறவன். 'ஒரு மனிதன் வந்தான்' என்று எழுதினால் வாசகன் நம்ப மாட்டான். 'இடது காதில் மட்டும் கடுக்கன் போட்ட மனிதன், பிடி உடைந்த குடையுடன் வந்தான்' என்று எழுதினால் நம்பி விடுகிறான். விவரம் கூடக் கூட நம்பிக்கையும் கூடுகிறது. தேதி, இடம், பக்க எண் எல்லாவற்றையும் தயக்கமில்லாமல் கொடுக்கிற யந்திரத்தை ஜனங்கள் நம்புவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வித்தியாசம் இவ்வளவுதான்: என் புஸ்தகத்தின் அட்டையில் நாவல் என்று போட்டிருக்கிறது.

இதற்கு முன்னெல்லாம் ஒரு வாக்கியத்தைப் பார்த்தே அதை எழுதியவரின் சிரத்தையை ஓரளவு எடை போட்டு விடலாம். பிழை மலிந்த துண்டுப் பிரசுரத்தை ஒரு மாதிரியும், பார்த்துப் பார்த்து எழுதிய கட்டுரையை ஒரு மாதிரியும் படித்தோம். நன்றாக எழுதுகிறவன் விசாரித்தும் எழுதியிருப்பான் என்று ஒரு நம்பிக்கை. எப்போதும் அது சரியாக இருந்ததில்லை, ஆனாலும் உபயோகப்பட்டது. இப்போது அந்த அடையாளம் போய் விட்டது. தெரிந்த விஷயத்தையும் தெரியாத விஷயத்தையும் ஒரே குரலில், ஒரே மரியாதையுடன், யந்திரம் சொல்லி விடுகிறது. சமீபத்தில் வருகிற யந்திரங்கள் தேடிப் பார்த்து, எங்கே கிடைத்தது என்றும் காட்டுகின்றன. தெரியாது என்று சொல்லவும் ஓரளவு பழக்கப்பட்டிருக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் காட்டிய இடத்தைப் போய்ப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

சிகாகோவில் நடந்ததும் அதுதான். இணைப்பைத் தயாரித்தது ஸன்-டைம்ஸ் அல்ல. கிங் ஃபீச்சர்ஸ் என்கிற ஸ்தாபனம் தயாரித்துப் பத்திரிகைகளுக்கு விற்றது. எழுதியவர் யந்திரத்தை நம்பினார். ஸ்தாபனம் எழுதியவரை நம்பியது. பத்திரிகை ஸ்தாபனத்தை நம்பியது. வாசகன் பத்திரிகையை நம்பினான். ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவர் பார்த்திருப்பார் என்று இருந்து விட்டார்கள். அந்த வருஷம் மார்ச்சில்தான் பத்திரிகையின் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் பணம் வாங்கிக் கொண்டு விலகியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சரி பார்ப்பது என்பது சம்பளம் கொடுத்துச் செய்விக்கிற வேலை. ஆளைக் குறைத்து விட்டு அது மட்டும் தானாக நடக்கும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஒன்று: விஷயம் வெளியானதும் பத்திரிகை பொறுப்பேற்றுக் கொண்டது, மின்பதிப்பிலிருந்து இணைப்பை எடுத்தது, அந்த இதழுக்குச் சந்தாதாரர்களிடம் பணம் வாங்குவதில்லை என்றும் அறிவித்தது. போய்க் கேட்பதற்கு அங்கே ஒரு வாசற்படி இருந்தது.

யந்திரத்துக்கு வாசற்படி கிடையாது என்பதை 2023-ல் நியூயார்க் வக்கீல்கள் இருவர் செலவு செய்து தெரிந்து கொண்டார்கள். விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்ததற்காக ஒரு பிரயாணி தொடர்ந்த வழக்கு அது. வக்கீல் தாக்கல் செய்த மனுவில் காட்டிய முன் தீர்ப்புகளில் ஆறு எந்தக் கோர்ட்டிலும் வழங்கப்படாதவை. சாட்ஜிபிடி கற்பித்துக் கொடுத்தவை. அந்த வக்கீல் சரி பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தத் தீர்ப்புகள் நிஜந்தானா என்று கேட்டிருக்கிறார். யாரை? அதே சாட்ஜிபிடியை. ஆமாம், நிஜந்தான் என்று அது சொல்லிற்று. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் கிராமத்துப் பஞ்சாயத்தில் கூட, சாட்சி உண்மை பேசுகிறானா என்று அந்தச் சாட்சியையே கேட்டுத் தீர்மானிக்க மாட்டார்கள்.

தமிழ் வாசகனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எந்தப் பாஷையில், எந்தத் துறையில் எழுதி வைத்தது குறைவாக இருக்கிறதோ அங்கே யந்திரத்தின் கற்பனை அதிகம் வேலை செய்கிறது. என் நாவல்களைப் பற்றிக் கட்டுரை எழுத வந்த ஒரு கல்லூரி மாணவி, யந்திரம் கொடுத்த பட்டியலை என்னிடம் காட்டினாள். அதில் ஒரு நாவல் என்னுடையது அல்ல. பூர்வீக வீட்டை விற்பது பற்றிய கதையாம். நான் எழுதக் கூடியது தான். அதனாலேயே எழுதாமல் விட்டது. ஆசிரியன் உயிரோடு இருக்கிறான், அவளும் கேட்கிற புத்தியுள்ளவள், விஷயம் முடிந்து விட்டது. எழுபது எண்பது வருஷங்களுக்கு முன் இரண்டு நாவல்கள் எழுதி விட்டு மறைந்து போன ஓர் ஆசிரியருக்கு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து விட்டால் யார் போய்ச் சொல்வது?

அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம். அதிலும் சிகாகோவுக்குச் சம்பந்தம் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். படம் வரைகிறவர். பழைய தமிழ்ப் புஸ்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள் என்று கண்டதையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ சர்வகலாசாலை வாங்கிற்று; வாங்கிக் கொண்டு போகாமல் சென்னையிலேயே, 1994-ல், அவர் பெயரில் நூலகமாக வைத்தது. ஒரு நாவல் உண்டா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அங்கே போய்ப் புஸ்தகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. பிரசுரித்தவர் யார், எந்த வருஷம், எந்த அச்சுக்கூடம் என்று முதல் பக்கமே சொல்லி விடும். முதல் பக்கம் இல்லாத புஸ்தகமும் அங்கே இருக்கலாம். இல்லை என்பது தெரிகிறதல்லவா?

இல்லாததை இல்லை என்று காட்டுவது லேசான காரியமல்ல. உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு என்று பெயர் இருக்கிறது. ஏட்டில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுக்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றைக்கும் நம் புஸ்தகங்களில் காலியாக நிற்கின்றன. சிதைந்து போன பாட்டுக்களில் சொல் இருந்த இடத்தில் புள்ளிகள் இருக்கின்றன. சங்கச் செய்யுளில் அவருக்கு இருந்த பழக்கத்துக்கு அந்த இடங்களை இட்டு நிரப்புவது ஒரு சாயங்கால வேலை. யாரும் கண்டு பிடித்திருக்கவும் முடியாது. புள்ளிகளைப் பார்க்கும் போதுதான் புள்ளியில்லாத வரிகளின் மேல் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

சிகாகோப் பட்டியலில் நிஜமாக உள்ள ஐந்து நாவல்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒன்று இயன் மக்யூவன் 2001-ல் எழுதிய 'அட்டோன்மெண்ட்'. யார் கண் பட்டு அது அங்கே வந்து சேர்ந்ததோ தெரியாது; அந்தப் பட்டியலில் இருப்பதற்கு அதை விடப் பொருத்தமான நாவல் கிடையாது. 1935-ல் ஒரு புழுக்கமான கோடை நாளில் கதை ஆரம்பிக்கிறது. ப்ரயனி என்று பதின்மூன்று வயதுப் பெண். கதை எழுதுவதில் பைத்தியம். இருட்டில் ஒரு குற்றம் நடக்கிறது. அவள் பார்த்தது ஓர் உருவத்தை மட்டுமே. ஆனால் அன்றைய தினம் அவள் மனசில் ஓடிக் கொண்டிருந்த கதைக்கு ராபி என்கிற இளைஞன் வெகு பொருத்தமாக இருக்கிறான். அவனைக் கண்ணால் பார்த்ததாகத் தயக்கமில்லாமல் சொல்லி விடுகிறாள். அவன் ஜெயிலுக்குப் போகிறான்.

நாவலின் கடைசிப் பகுதியில் ப்ரயனிக்கு 77 வயது. பேர் பெற்ற நாவலாசிரியை. ஞாபகம் தப்பிப் போகிற வியாதி ஆரம்பித்திருக்கிறது. அன்று நடந்ததை 1940 முதல் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். லண்டன் இம்பீரியல் யுத்த மியூஸியத்துக்குக் கடைசித் தடவையாகப் போய், அங்கே வாங்கிப் படித்த பழைய கடிதங்களைத் திருப்பிக் கொடுக்கிறாள். ராணுவ விஷயங்களில் அவள் செய்திருந்த சின்னச் சின்னத் தவறுகளை ஒரு கிழட்டுக் கர்னல் சிரத்தையாகத் திருத்தி எழுதியிருக்கிறார். அவற்றை ஏற்றுக் கொள்கிறாள். காதலர்களைத் தான் சேர்த்து வைத்தது மட்டும் கற்பனை என்று வாசகனிடம் சொல்லியும் விடுகிறாள். சிகாகோவில் அந்தப் பட்டியலை நம்பிக் கடைக்குப் போனவர்களில் யாராவது இந்த நாவலை வாங்கியிருந்தால், அவர்கள் பணம் வீண் போகவில்லை.