பத்தொன்பது அடி வில்

ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையில் கண்ணில் படும் பச்சை இரண்டு வகை. ஒன்று தேயிலை. 1933இல் தொடங்கிய பாரத் தோட்டம் சாலையோரத்திலேயே பள்ளத்தாக்கு முழுக்க இறங்கிக் கிடக்கிறது. மற்றது பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்து மங்கலாகத் தெரியும் பச்சை: சாலட் கீரை, தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, செவ்வந்தி. கேமரன் மலைக்கு வருகிறவர்கள் முதல் பச்சையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். மலையை நெகிழியால் மூடிவிட்டார்களே என்பார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்து ரசித்தது அந்த இரண்டாவது பச்சையைத்தான். அதிலும் பெரிய பண்ணைகளின் இரும்புக் கொட்டகைகளை அல்ல. ரிங்லெட் பக்கம் ஒரு வீட்டின் பின்புறம், மலைச்சரிவில் வெட்டிய படிக்கட்டு நிலத்தில் நிற்கும் ஒரு பைப் கூடாரத்தை.

கட்டியவர் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். நீளம் 20 அடி, அகலம் 12 அடி. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அதே முக்கால் அங்குல பிவிசி பைப்தான் எலும்புக்கூடு. "ஐயா, இந்தக் குளிருக்குச் செடி நடுங்குமா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். "குளிருக்கு யாரு தம்பி கூடாரம் போட்டா? இது குடை" என்றார்.

குடை என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரன் கண்ணாடி வீடு கட்டியது வெயிலைப் பிடித்து அடைத்து வைக்க. இங்கே ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவதே அரிது. இரவிலும் உறைபனி கிடையாது. செடிக்கு எதிரி மழைதான். ஏப்ரல், மே ஒரு முறை, அக்டோபர், நவம்பர் இன்னொரு முறை என்று கொட்டித் தீர்க்கும். நடுவிலும் பல நாள் மாலையில் வந்து எட்டிப் பார்க்கும். தேயிலைக்கு அது விருந்து. ஸ்ட்ராபெர்ரிக்கோ பழத்தின் மேல் ஈரம் தங்கினாலே சாம்பல் பூசணம் பிடித்துவிடும். தக்காளி இலை நனைந்தபடியே இருந்தால் கருகல் நோய். ஒரே மழை, சாலைக்கு இந்தப் பக்கம் உணவு, அந்தப் பக்கம் நோய். அதனால்தான் இங்கே கூடாரத்துக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தாள் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வலை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது.

இனி வளைவுக்கு வருகிறேன். பைப் கடையில் கிடைத்த நீளம் 19 அடி. அதை அரைவட்டமாக வளைத்தால் எவ்வளவு அகலம் வரும் என்று பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 அடி விட்டமுள்ள அரைவட்டத்தின் வளைவு நீளம் 18.85 அடி. மிஞ்சுவது இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. ரம்பமே வேண்டாம்; துண்டு விழாது. உயரம் தானாக 6 அடி வந்துவிடுகிறது. நம் ஆட்களில் பெரும்பாலோர் நடுவில் நிமிர்ந்து நடக்கலாம். பெரியவர் பை என்ற எண்ணைக் கேள்விப்பட்டவரில்லை. ஒரு பைப்பைத் தரையில் வளைத்துப் பார்த்து, உள்ளே தாம் நிற்க இடம் வரும் அகலத்தை அடியளந்து 12 என்று முடிவு செய்திருக்கிறார்.

பைப்பை நிறுத்தும் விதம் அதைவிட அழகு. வீடு கட்டும் கான்கிரீட் கம்பியை மூன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, இரண்டடி மண்ணுக்குள், ஒன்றரை அடி வெளியே. பைப்பின் ஒரு முனையை இந்தப் பக்கக் கம்பியில் செருகி, ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையை மெல்ல வளைத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கக் கம்பியில் செருகுகிறார். ஆணி இல்லை, திருகு இல்லை, பசை இல்லை. பைப் நிமிரத் துடிக்கிறது. கம்பி விட மறுக்கிறது. அந்த இழுபறிதான் கூடாரத்தின் பலம். நாண் ஏற்றிய வில் என்று சொல்லத் தோன்றும். இங்கே நாண் வேலையைப் பார்ப்பது பூமி.

மூன்றடி நான்கு அங்குலத்துக்கு ஒரு வில், ஆக ஏழு வில். செலவைக் குறைக்கிறேன் என்று இடைவெளியை ஐந்தடியாக்கினால் என்ன ஆகும்? இரண்டு வில்லுக்கு நடுவில் தாள் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் நின்றால் போதும், அது 25 லிட்டர், அதாவது 25 கிலோ. ஓர் அரிசி மூட்டையைக் கூரைமேல் தூக்கி வைத்த மாதிரி. பெரியவர் முதல் கூடாரத்தை அப்படித்தான் இழந்தாராம். அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

உச்சியில் நீளவாக்கில் ஒரு பைப் ஓடுகிறது, ஏழு வில்லையும் கோத்தபடி. கட்டுவதற்குக் கம்பி பயன்படுத்தவில்லை. கம்பி பைப்பை அறுக்கும், முனை தாளைக் குத்தும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார். காற்றடிக்கும்போது முடிச்சும் கொஞ்சம் நீளும், பிறகு சுருங்கும். நான்கு மூலையிலும் சாய்வாக ஒரு பைப். அது இல்லையென்றால் ஒரு பலத்த காற்றில் ஏழு வில்லும் சீட்டுக்கட்டு போல ஒரே பக்கம் சாய்ந்துவிடும்.

தாளைப் பற்றி ஒரு நுட்பம். வெயில் தாங்கும்படி செய்த 200 மைக்ரான் பாலித்தீன்தான், ஆனாலும் பிவிசி பைப்போடு நேராக உரசிக்கொண்டிருந்தால் வெயில் சூட்டில் அந்த இடம் சீக்கிரம் நைந்துபோகும். இரண்டும் பிளாஸ்டிக்தானே என்று நினைப்போம், இரண்டுக்கும் ஆகாது. அதற்காக ஒவ்வொரு வில்லின் முதுகிலும் வெள்ளைத் துணி நாடா சுற்றியிருக்கிறது. கீழே நின்று பார்த்தால் ஏழு வெள்ளைக் கோடுகள். பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைத்துவிடுவார்கள்.

தாளைப் பைப்பில் பிடித்து வைத்திருப்பது எது? ஒரு அங்குல பைப்பில் நான்கு அங்குலத் துண்டுகள் நறுக்கி, நீளவாக்கில் ஒரு கீற்றை வெட்டி எடுத்துவிட்டால் ஆங்கில 'சி' எழுத்து போல வாய் திறந்த ஒரு வளையம் கிடைக்கும். அதைத் தாளுக்கு மேல் வைத்து அழுத்தினால் முக்கால் அங்குல பைப்பை 'டக்'கென்று கவ்விக்கொள்கிறது. கடையில் இதற்கென்று கிளிப் விற்கிறார்கள். ஒன்றுக்கு இத்தனை காசு என்று சேர்த்தால் கணிசமான வெள்ளி ஆகும். இங்கே ஒரே பைப்பில் நாற்பது, ஐம்பது கிளிப். கூடாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் எது என்று கேட்டால் இந்தத் துண்டைத்தான் சொல்வேன். தமிழ்ப் பாடத்தில் நயம் பாராட்டச் சொன்னபோது எதுகை, மோனை, உவமை என்று தேடித் தேடிக் கோடு போட்டோம். சொல்லோடு சொல்லைக் கோக்கும் இடைச்சொல்லுக்கு யாரும் கோடு போட்டதில்லை. இந்தக் கிளிப் அந்த இடைச்சொல்.

நான் போயிருந்த மாலையிலும் மழை வந்தது. தாளின் மேல் முதலில் தனித்தனித் துளிகள், பிறகு பேச்சே கேட்காத இரைச்சல். உள்ளே நின்று மேலே பார்த்தேன். தாளின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. தட்டையான கூரையாக இருந்தால் அத்தனை துளியும் செடிமேல்தான் சொட்டும். வெளிமழையைத் தடுத்து உள்மழையில் நனைத்த கதையாகிவிடும். இங்கே துளி சரிவில் வழுக்கி, வளைவைப் பிடித்துக்கொண்டே ஓரம்வரை போய் இறங்குகிறது. உச்சியில் மட்டும் வளைவு கிட்டத்தட்டத் தட்டை. அங்கே திரண்ட துளிகள் நேர்கீழே விழுகின்றன. நேர்கீழே இருப்பது நடைபாதை. பாத்திகள் இரண்டும் பக்கவாட்டில் பத்திரமாக இருக்கின்றன. நனைவது நடக்கிறவன் தலை.

வெளியே, தாளின் இரு ஓரத்திலும் பைப்பை நெடுக்குவாட்டில் பிளந்து செய்த வடிகால். அதில் ஓடும் தண்ணீர் ஒரு படி கீழே வைத்த பீப்பாய்களில் விழுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்தச் சின்னக் கூரையே சுமார் 21 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு ஆயிரம் லிட்டரைத் தாண்டும். பீப்பாய்கள் நிரம்பிய பிறகு மிச்சம் வாய்க்காலுக்குப் போகிறது. மலையைச் சுளித்த முகத்தோடு பார்க்கிறவர்களின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டுக் கூடாரத்தின் ஆயிரம் லிட்டர் ஒன்றுமில்லை. சரிவு சரிவாகத் தாள் மூடிய மலையிலிருந்து தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஒரேயடியாக ஓடினால், வழியில் வெட்டிப்போட்ட மண்ணையும் வாரிக்கொண்டு போகும். 1963 முதல் நிற்கும் சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரி வண்டலால் மேடாகிக்கொண்டே வந்தது. 2013 அக்டோபரில் அந்த அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்ட இரவு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. கிழிந்த தாளை ஆற்றோரம் வீசுகிறவர்களையும் இந்த மலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர் பழைய தாளை மடித்துக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கியிருக்கிறார்.

மழை ஓயும்வரை பேசிக்கொண்டிருந்தபோது, இந்த வளைவை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். தேயிலை நர்சரியில் என்றார். ஓர் இலையும் ஒரு கணுவுமாக நறுக்கிய தேயிலைத் துண்டுகளை மண் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் நட்டு, மேலே முழங்கால் உயரத்துக்கு மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் குத்தி, தாள் போட்டு, நான்கு பக்கமும் மண் அணைத்து மூடிவிடுவார்களாம். வேர் விடும்வரை வாரக்கணக்கில் அந்தக் கூண்டின் ஈரம் வெளியே போகக் கூடாது. வேர் இல்லாத இலைக்கு அந்த ஈரக்காற்றுதான் உயிர்.

அதே வளைவு, அதே தாள். அங்கே ஈரம் வெளியே போகாமல் காக்கிறது. இங்கே ஈரம் உள்ளே வராமல் காக்கிறது. ஆயுள் முழுக்க ஈரத்தை அடைத்து வைத்த கைகள், ஓய்வு பெற்றபின் அதே வேலையைத் திருப்பிப் போட்டு ஸ்ட்ராபெர்ரி வளர்க்கின்றன. ஓரத்தில் அணைத்த மண்ணை எடுத்துவிட்டு வலை கட்டியதும், முழங்கால் உயரத்தை ஆள் உயரமாக்கியதும்தான் அவர் செய்த மாற்றம் என்று சொன்னார். வில்லுக்கும் வில்லுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடுவது என்று கற்க ஒரு கூடாரம் சரிந்து விழ வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்களும் ஒன்று கட்டிப் பார்ப்பதாக இருந்தால், கிளிப் வெட்டியதும் அதன் இரண்டு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தேய்க்காத விளிம்பு முதல் காற்றிலேயே தாளைக் கிழித்துவிடும்.