மலையைப் பாடினர், மாந்தரை மறந்தனர்

திருவண்ணாமலைக்கு வழிகாட்டும் நூல்களைப் புரட்டிப் பாருங்கள்! 217 அடிக் கோபுரம், 14 கிலோமீட்டர் மலைவலம், அமைதி தவழும் அருள்மலை எனச் சொல்மாரி பொழியும். நம்பி வருகிறான் பயணி. முழுநிலவு இரவில் அவன் காண்பதோ நெரிசல், குப்பை, இரந்து நிற்கும் கைகள்! “ஏமாந்தேன்” என்கிறான். மாணவரோடு சென்ற நானும் அவ்வாறே சலித்தேன்.

தோழர்களே, ஊர் ஏமாற்றவில்லை, ஏடு ஏமாற்றியது! மலையைப் பாடியவர்கள், அதன் சரிவிலே குடியிருக்கும் ஏழையை ஏன் எழுதவில்லை? 2024 டிசம்பர் 1 அன்று, புயல்மழையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் 5 சிறுவர் சிறுமியர் உட்பட 7 பேர் மாண்டனர்.

பயணி இழந்தது ஓர் இரவு. அவர்கள் இழந்தது உயிர்! அடிவாரத்து மக்களையும் காட்டுவதே வழிகாட்டி நூல். மற்றவை வெறும் விளம்பரம்.