நீல மின்னலுக்கு விரித்த கண்ணாடி

மஞ்சு விலகிய ஆவணி இரவில், கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியின் பூண்டு வயலோரம் நின்று திருவோண நட்சத்திரத்தைத் தேடுங்கள். அதற்குச் சற்று மேற்கே, வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாமல், எஸ்எஸ் 433 இருக்கிறது. பக்கத்து விண்மீனை உறிஞ்சி, ஒளியின் கால் பங்கு வேகத்தில் இருபுறமும் தாரைகளாகப் பீய்ச்சும் மைக்ரோகுவேசார். அதன் தாரைகளிலிருந்து மிகையாற்றல் காமாக் கதிர் வருவதை 2018-ல் மெக்சிகோவின் ஹாக் ஆய்வகம் அறிவித்தது.

அந்தக் கதிர் தரைக்கு வராது. மேல்காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். துகள்கள் நீலநிறச் செரன்கோவ் ஒளியைச் சிந்தும். அந்த ஒளியின் ஆயுள், நொடியின் நூறு கோடியில் சில பங்கு. இதைப் பிடிக்க லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், மேஸ் தொலைநோக்கி நிற்கிறது; 2024 அக்டோபரில் திறந்தார்கள். 21 மீட்டர் அகலத்துக்கு ஒற்றைக் கண்ணாடி ஏது? வைர முனையில் கடைந்த 1,424 சதுர உலோகக் கண்ணாடிகள். உள்ளே தேன்கூடு போன்ற அலுமினிய அறைகள். அதனால் எடை குறைவு. ஒவ்வொன்றையும் சாய்வு பார்த்துத் திருத்தி, 1,088 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் கொண்ட கேமராவில் ஒளியைக் குவிக்கிறார்கள். மேலே கூரைகூடக் கிடையாது. பனிக்காற்றில் வெட்டவெளியில் நிற்கிறது. அந்தத் துணிச்சலே எனக்குப் பிடித்தது.

நம் கொடைக்கானல் ஆய்வகத்துக்கோ பகல் உத்தியோகம்: 1909-ல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு பாய்வதைக் கண்டது இங்கேதான். காமாக் கதிருக்கு இந்த மலை தோதுப்படாது, மஞ்சு விடாதே! உதகையின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் மட்டும் மஞ்சைச் சட்டை செய்வதில்லை. அது ஒளியைப் பார்ப்பதில்லை, தரைக்கு வந்து விழும் துகள்களையே எண்ணுகிறது.