தேசமும் குற்றமும்: பீற்றர் வைஸின் ‘விசாரணை’ பற்றிய ஒரு நோக்கு

ஒரு தேசம் இழைத்த வரலாற்றுத் தவறுகளுக்காக அத்தேசத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா, பெரும்பாலும் இரு எல்லைகளுள் நின்றே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. தேசம் முழுவதும் குற்றவாளியே என்பது ஒன்று. குற்றம் புரிந்தோர் சில தனிமனிதரே, தேசம் களங்கமற்றது என்பது மற்றையது. முரண்பட்டவையாகத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. எல்லோரும் குற்றவாளிகள் எனின் எவரையும் குறிப்பாகப் பொறுப்பாக்க இயலாது. சிலரே குற்றவாளிகள் எனின் அவர்களை இயக்கிய அமைப்பு தப்பிவிடுகின்றது. தேசத்தினுள் நிலவிய சமூக உறவுகள் இரண்டிலுமே மறைக்கப்படுகின்றன. இம்மறைப்பினை இலக்கியம் எவ்வாறு விலக்கலாம் என்பதற்கு, ஜேர்மன் மொழி நாடகாசிரியர் பீற்றர் வைஸ் (1916–1982) எழுதிய ‘விசாரணை’ காத்திரமான சான்றாகும்.

நாசி ஆட்சியின் வீழ்ச்சிக்குப் பின்னர் இவ்வினாவை முறைமைப்படுத்த முயன்றவர்களுள் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பெர்ஸ் முக்கியமானவர். 1946இல் வெளிவந்த தமது நூலில் அவர் குற்றத்தைச் சட்டம் சார்ந்தது, அரசியல் சார்ந்தது, ஒழுக்கம் சார்ந்தது, இயல் கடந்தது என நால்வகைப்படுத்தினார். மக்கட் கூட்டம் முழுவதையும் குற்றவாளியாகத் தண்டிக்க இயலாது. ஆயின் அரசின் செயல்களுக்கான அரசியற் பொறுப்பினின்று எந்தக் குடிமகனும் விலகமுடியாது என்பது அவர்தம் முடிபு. இப்பகுப்பின் பயனை மறுத்தற்கில்லை. எனினும் யாஸ்பெர்ஸ் காணும் குடிமகன் வர்க்கமற்றவன். அடிமையுழைப்பினால் ஆதாயம் பெற்ற ஆலையதிபனும், சாதாரண தொழிலாளியும் அவர் கூறும் அரசியற் பொறுப்பில் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றனர்.

நீதிமன்றத்தின் குறைபாடு வேறுவகையானது. 1963 டிசம்பர் முதல் 1965 ஓகஸ்ட் வரை பிராங்போர்ட்டில் அவுஷ்விற்ஸ் வதைமுகாம் தொடர்பான வழக்கு நடைபெற்றது. முகாமின் இயக்கம் முழுவதையும் ஒரே குற்றச் செயலாகக் கொள்ளவேண்டும் என்பது அவ்வழக்கிற்குக் காரணராயிருந்த அரச வழக்குத்தொடுநர் பிரிற்ஸ் பௌவரின் கருத்து. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தீர்ப்புப் பெற்ற 20 பேருள் அறுவருக்கு ஆயுட்சிறை கிடைத்தது, மூவர் விடுதலையாயினர். தனித்தனிக் கொலைகளை நிரூபிக்கும் நடைமுறையில், தன் கையாலே கொடுமை புரிந்தவன் பெருங் குற்றவாளியானான். ஒழுங்காகக் கடமையாற்றி ஆயிரக்கணக்கானோரைச் சாவுக்கு அனுப்பியவன் உடந்தையாளனாகவே கணிக்கப்பட்டான்.

இவ்வழக்கினை நேரிலே சென்று அவதானித்த வைஸ், அதன் சாட்சியங்களைக் கொண்டே தமது நாடகத்தை அமைத்தார். 1965 ஒக்டோபர் 19ஆந் திகதி இரு ஜேர்மனிகளிலும் பத்துக்கு மேற்பட்ட அரங்குகளில் அது ஒரேநாளில் மேடையேறியது. தாந்தேயின் காவிய அமைப்பைத் தழுவி, 11 காண்டங்களாக, புகைவண்டி வந்திறங்கும் மேடை தொடங்கி எரியுலை வரை நாடகம் செல்கின்றது. சாட்சிகளுக்குப் பெயரில்லை, எண்கள் மாத்திரமே உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டோர் தம் சொந்தப் பெயர்களுடனேயே தோன்றுகின்றனர்.

இவ்வடிவத்தின் பயன் யாது? நீதிமன்றம் தனிமனிதரைத் தேடிய இடத்தில் வைஸ் உறவுகளைத் தேடுகின்றார். ஐ. ஜி. பார்பன், குறூப், சீமென்ஸ் என்னும் நிறுவனங்களின் பெயர்கள் சாட்சியங்களினூடே ஒலிக்கின்றன. கைதியும் காவலனும் ஒரே சமூகத்திலிருந்து வந்தவர்கள், சூழ்நிலை மாறியிருப்பின் ஒருவர் இடத்தில் மற்றவர் நின்றிருக்கவும் கூடும் என்னும் கருத்தை ஒரு சாட்சி வாயிலாகவே வைஸ் கூறவைக்கின்றார். இறுதியில், நாடு மீண்டும் முன்னணிக்கு வந்துவிட்டது, காலங்கடந்த பழிகளை விட்டுவிடவேண்டும் என ஒரு குற்றவாளி வாதிடுகின்றான். நாடகம் அங்கே முடிகின்றது, தீர்ப்பு இல்லை. தீர்ப்பளிக்கவேண்டிய பொறுப்பு பார்வையாளரிடம் விடப்படுகின்றது.

இது வெறும் கலையுத்தியன்று. ஐ. ஜி. பார்பன் வழக்கில் 1948இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற பிரிற்ஸ் தேர் மேர் 1950இல் விடுதலையாகி, 1956இல் பாயர் நிறுவன மேற்பார்வைச் சபையின் தலைவரானார். பன்னிரண்டாண்டுத் தண்டனை பெற்ற அல்பிரட் குறூப் 1951இல் விடுவிக்கப்பட்டு, சொத்துக்களையும் மீளப் பெற்றார். வில்லி பிராண்ட் 1970இல் வோர்சோவில் மண்டியிட்டமை தேசத்தின் மனச்சாட்சியாகப் போற்றப்பட்டது, அது போற்றத்தக்கதே. ஆயின் கட்டாயத் தொழிலாளருக்கு இழப்பீடு வழங்க அரசும் தொழில் நிறுவனங்களும் சரிபாதியாக 1,000 கோடி மார்க் நிதியத்தை அமைத்தது 2000ஆம் ஆண்டிலேயே. அதற்குள் அத்தொழிலாளருள் மிகப் பலர் இறந்துவிட்டனர். மண்டியிட்டவர் நாசிகளை எதிர்த்து நாடுவிட்டுச் சென்ற ஒருவர் என்பதும் சிந்திக்கத்தக்கது.

ஆயினும் இந்நாடகத்தின் பாரிய குறைபாட்டை மார்க்சிய விமர்சகர் பூசி மெழுகலாகாது. அவுஷ்விற்ஸில் மாண்ட ஏறத்தாழ 11 இலட்சம் பேருள் 10 இலட்சம் பேர் வரையில் யூதர். நாடகத்திலோ ‘யூதர்’ என்ற சொல்லே இல்லை. ஒடுக்கப்பட்டோர் அனைவருக்கும் பொதுவான அனுபவமாக்கும் நோக்கில் வைஸ் இதனைச் செய்தார் எனலாம். விளைவு யாதெனில், யூதர் என்ற ஒரே காரணத்தால் கொல்லப்பட்டோர் அப்பெயரை மீண்டும் இழந்தனர். தந்தை வழியில் யூதரான வைஸே இதனைச் செய்தமை, இப்பார்வை எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டுகின்றது. முதலாளித்துவம் இனவெறியைப் பயன்படுத்தியது என்பது உண்மை. இனவெறி அதன் வெறும் நிழல் என்பது உண்மையன்று. இலாபத்துக்கு உதவாத கொலைகளும் அங்கு திட்டமிட்டே நடத்தப்பட்டன.

இத்தவறு கலைஞர் ஒருவருடையது மாத்திரமன்று. பாசிச எதிர்ப்பு அரசாகத் தன்னைப் பிரகடனப்படுத்திய கிழக்கு ஜேர்மனி, முதலாளித்துவம் தன் மண்ணில் ஒழிந்ததெனக் கூறி, வரலாற்றுப் பொறுப்பை மேற்கிடம் ஒப்படைத்தது. யூத மக்களிடம் அதன் மக்கள் சபை மன்னிப்புக் கோரியது 1990 ஏப்ரலிலேயே. அவ்வாண்டிலேயே அவ்வரசும் மறைந்தது. வர்க்க ஆய்வு பொறுப்பைத் துல்லியமாக்குவதற்கான கருவி. பொறுப்பினின்று தப்புவதற்கான கருவியாக அது மாறும்போது கருத்துநிலை மயக்கமாகிவிடுகின்றது.

எனவே, தேசமொன்றை மதிப்பிடும் அளவுகோல் அதன் வெட்கத்தின் ஆழமன்று. குற்றத்தினால் பயன்பெற்றோர் யார், பணிந்தோர் யார், எதிர்த்தோர் யார், பயன்பெற்றோரின் நிலை பின்னர் மாறியதா என்பவற்றை நாம் வினவுதல் வேண்டும். அவற்றோடு, கொல்லப்பட்டோர் எப்பெயரால் கொல்லப்பட்டனரோ அப்பெயரை உரத்துச் சொல்ல அத்தேசமும், அதன் முற்போக்காளரும் ஆயத்தமாக உள்ளனரா என்பதையும் வினவுதல் வேண்டும். வைஸ் முதல் வினாக்களை எழுப்பினார். இறுதி வினாவை எழுப்பத் தவறினார். அவரது நாடகம் இன்றும் நமக்குப் பயன்படுவது இவ்விரண்டினாலுமே.